வீட்டில் கட்டும் செவன் வகைக் கார்: சக்கரத் தேர்வும் பின் சஸ்பென்ஷனும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் வீட்டு கராஜிலேயே சதுரக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்து, பழைய ஃபோர்டு எஸ்கார்ட், சியரா அல்லது மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் பாகங்களைப் பூட்டி, இரண்டு இருக்கைக் கார் கட்டும் பழக்கம் நெடுநாளாக உண்டு. 1957-ல் வந்த லோட்டஸ் செவன்தான் இவற்றுக்கெல்லாம் மூல வடிவம். 1973-ல் அதன் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் இன்றும் அதைச் செய்துகொண்டிருக்கிறது. இங்குள்ள நம் ஆட்களிலும் சிலர் இதில் இறங்கியிருக்கிறார்கள். இன்ஜினைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. சக்கரமும் பின் சஸ்பென்ஷனும்தான் எல்லோரையும் தடுமாற வைக்கின்றன. அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை எளிமையில் தொடங்கிச் சிக்கலானது வரை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அண்ணா, முதலில் வீல் வாங்கணுமா, டயர் வாங்கணுமா?

முதலில் காரின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். செவன் வகைக் கார் பெரும்பாலும் 550 முதல் 700 கிலோவுக்குள் நிற்கும். பாகங்களைத் தந்த பழைய கார் ஏறத்தாழ ஒரு டன். அந்தக் காருக்குப் பொருந்திய டயர் அகலம், காற்றழுத்தம், ஸ்பிரிங் எதுவும் உங்கள் காருக்கு அப்படியே பொருந்தாது. கீழே வரும் பதில்கள் பலவும் இந்த எடை வித்தியாசத்திலிருந்து வருபவைதான்.

அடுத்து டயர் அளவு, அதற்கு ஏற்ற ரிம் கடைசியில். 185/60 ஆர்13 டயரின் வெளி விட்டம் சுமார் 552 மி.மீ.; 195/50 ஆர்15 சுமார் 576 மி.மீ. இந்த 4 சதவீத வித்தியாசம் கியர் விகிதத்திலும் ஸ்பீடோமீட்டரிலும் காரின் உயரத்திலும் தெரியும். 13 இஞ்ச் சக்கரம் இந்த உடலமைப்புக்கு அழகு, எடையும் குறைவு. ஆனால் அந்த அளவில் நல்ல டயர் செய்யும் கம்பெனிகள் குறைந்துகொண்டே வருகின்றன. 15 இஞ்சில் தேர்வு அதிகம். எதை எடுத்தாலும் பிரேக் காலிப்பர் உள்ளே இடிக்காமல் சுற்றுகிறதா என்று ஒரு வீலை இரவல் வாங்கியாவது மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பிசிடி, ஈடி, சென்டர் போர்னு கடைக்காரர் ஏதேதோ கேட்கிறார். ஒன்றும் புரியலை.

பிசிடி என்பது ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டுகளின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம். நான்கு ஸ்டட் ஹப்பில் எதிரெதிர் ஸ்டட்டுகளின் மையங்களுக்கு இடையே அளந்தால் கிடைத்துவிடும். எஸ்கார்ட், சியரா ஹப்புக்கு 4×108, அதாவது நான்கு ஸ்டட், 108 மி.மீ. விட்டம். முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5-க்கு 4×100. மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5 ஐந்து ஸ்டட், 5×114.3. சென்டர் போர் என்பது வீலின் நடுத்துளை. ஹப்பின் மேட்டில் அது கச்சிதமாக உட்கார்ந்தால் வீல் மையம் விலகாது. துளை பெரிதாக இருந்தால் வளையம் போட்டு நிரப்பலாம், சிறிதாக இருந்தால் வீல் ஏறவே ஏறாது.

ஈடி என்பது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்ற மி.மீ. கணக்கு. எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும்: ஈடி 25-க்குப் பதில் ஈடி 15 போட்டால் 10 மி.மீ. வெளியே. ஆஃப்செட் மாறாமல் ரிம் அகலம் 6 இஞ்சிலிருந்து 7 ஆனால் உள்ளேயும் வெளியேயும் 12.7 மி.மீ. கூடும். இந்த உள்பக்கக் கூடுதலை மறந்துவிட்டுத்தான் பலர் டயரை ஷாக் அப்சார்பரில் உரச விடுகிறார்கள்.

பழைய வீலில் ஈடி எண் அழிந்திருந்தால் அதைக் கவிழ்த்துப் போட்டு, விளிம்பின் மேல் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, ஹப் முகம் வரை ஆழத்தை அளங்கள். அதிலிருந்து வீலின் மொத்த வெளி அகலத்தில் பாதியைக் கழித்தால் ஈடி. 6 இஞ்ச் ரிம் என்பது டயர் உட்காரும் அகலம் மட்டும்தான். விளிம்புகளையும் சேர்த்த வெளி அகலம் ஏறத்தாழ 7 இஞ்ச் வரும்.

4×100 வீல் மலிவா கிடைக்குது. 4×108 ஹப்பில் எப்படியாவது மாட்டிடலாமா?

வேண்டாம். விட்டத்தில் 8 மி.மீ. வித்தியாசம் என்றால் ஒவ்வொரு ஸ்டட்டும் 4 மி.மீ. தள்ளி நிற்கிறது. நட்டின் கூம்பு முகம் வீலில் முழுதாக உட்காராது, ஸ்டட் வளைந்தபடியே வேலை செய்யும், ஒருநாள் முறியும். பொருந்தும் வீல் கிடைக்கும் வரை காத்திருங்கள்.

ஆஃப்செட் கொஞ்சம்தான் பத்தலை. ஸ்பேசர் போட்டால் போதுமா?

நல்ல ஸ்பேசர் தவறில்லை. ஹப்பின் மேட்டில் உட்கார்ந்து, வீலையும் தன் மேட்டில் ஏற்றிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். நட் எவ்வளவு ஏறுகிறது என்பதை அவசியம் பாருங்கள். குறைந்தது ஸ்டட்டின் தடிமன் அளவுக்கு மரை பிடித்திருக்க வேண்டும். 12 மி.மீ. ஸ்டட், 1.5 மி.மீ. மரை என்றால் எட்டுச் சுற்று. அதற்குக் குறைந்தால் நீள ஸ்டட் மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

நட்டின் முகமும் வீலின் குழியும் ஒரே வடிவமா என்றும் பாருங்கள். 60 பாகைக் கூம்பு நட்டை உருண்டைக் குழியில் முடுக்கினால் ஓரத்தில் மட்டும்தான் பிடிக்கும். டார்க் ஸ்பேனரால் முடுக்கி, முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

17 இஞ்ச் போட்டால் பார்க்க கம்பீரமா இருக்குமே, ஏன் எல்லோரும் வேண்டாங்கிறீங்க?

பெரிய வீலும் அதற்கான டயரும் சேர்ந்து எடை ஏறும். அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே சேர்கிறது. 600 கிலோ காரில் சக்கரத்துக்கு 4 கிலோ கூடுவது, 1,500 கிலோ காரில் கூடுவதைவிட நன்றாகவே உறைக்கும். மேடு ஏறிய சக்கரம் தரைக்குத் திரும்பத் தாமதிக்கும், அந்த நேரம் பிடி இருக்காது. டயர் சுவர் குட்டையாவதால் சிறு பள்ளமும் நேராக முதுகுக்கு வரும். 13 அல்லது 15 இஞ்ச், 6 இஞ்ச் அகலம். சாலைக்கான செவன் வகைக் காருக்கு என் பரிந்துரை இதுதான்.

டயரில் 'எக்ஸ்எல்' என்று போட்டிருந்தால் அது அதிக பாரத்துக்குப் பலப்படுத்தியது. உங்கள் காருக்கு அந்த விறைப்பு தேவையில்லை. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் படியுங்கள். 1822 என்றால் 2022-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம். கோடையில் மட்டும் ஓடும் கார்களில் தடம் தேயும் முன்பே ரப்பர் கிழமாகிவிடுகிறது.

டயருக்குக் காத்து எவ்வளவு அடிக்கிறது? பழைய கார் கதவில் 30-னு போட்டிருக்கு.

அந்த 30 அந்தக் காரின் எடைக்கானது. லேசான காரில் அவ்வளவு அடித்தால் டயரின் நடுப்பகுதிதான் அதிகம் உழைக்கும். குளிர்ந்த டயரில் 20 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். பெரும்பாலான செவன் வகைக் கார்கள் 18-க்கும் 22-க்கும் இடையே நிம்மதியாக ஓடுகின்றன. சுண்ணக்கட்டியால் டயரின் குறுக்கே ஒரு கோடு போட்டு, நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு.

சஸ்பென்ஷனில் எதைத் தொடுவதற்கு முன்பும் காற்றைச் சரிபாருங்கள். செலவில்லாத ஒரே மாற்றம் இதுதான். ஸ்பிரிங் கோளாறு என்று என்னிடம் வந்த புகார்களில் பல இங்கேயே தீர்ந்துவிட்டன.

ஸ்பிரிங் பலத்தை எப்படிக் கணக்குப் போடுவது? விற்கிறவர் சொல்வதை நம்பலாமா?

நீங்களே போடலாம், பள்ளிக் கணக்குதான். கார் 600 கிலோ, ஓட்டுநர் 80 கிலோ, மொத்தம் 680. பின் சக்கரங்களில் 52 சதவீதம் என்றால் சுமார் 354, ஒரு பக்கத்துக்கு 177. இதில் ஆக்சிலின் பாதி, சக்கரம், பிரேக் என்று ஸ்பிரிங் தாங்காத எடை, எஸ்கார்ட் ஆக்சில் காரில் (இரு பின் சக்கரங்களையும் ஒரே முழு ஆக்சில் இணைக்கும் வகை) ஏறத்தாழ 42 கிலோ என்று வையுங்கள். மீதி 135 கிலோவைத்தான் ஸ்பிரிங் சுமக்கிறது.

இனி, அந்த 135 கிலோ நொடிக்கு எத்தனை முறை ஆட வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். சாலையில் ஓடும் லேசான ஸ்போர்ட்ஸ் காருக்கு 1.6 முதல் 2 ஹெர்ட்ஸ் நல்ல எல்லை. 1.8 எடுத்துக்கொண்டால், 1.8-ஐ 6.283-ஆல் பெருக்கி, வரும் 11.31-ஐ வர்க்கமாக்கி, 135-ஆல் பெருக்க வேண்டும். மீட்டருக்குச் சுமார் 17,300 நியூட்டன், அதாவது மி.மீ.க்கு 17.3 நியூட்டன். இது சக்கரத்தில் தேவைப்படும் பலம். ஸ்பிரிங் கடைகளில் இஞ்சுக்கு இத்தனை பவுண்டு என்றுதான் கேட்பார்கள், 0.175-ஆல் வகுங்கள். 99 பவுண்டு.

ஸ்பிரிங் செங்குத்தாக நிற்காமல் 15 பாகை சாய்ந்திருந்தால் அதன் பலத்தில் சுமார் 93 சதவீதம்தான் சக்கரத்துக்கு வரும். ஆகவே 106 பவுண்டு ஸ்பிரிங் வேண்டும். கடையில் 100 அல்லது 110 கிடைக்கும். பக்கத்து இருக்கையில் ஆள் ஏறி, ஒவ்வொரு பின் சக்கரத்திலும் 24 கிலோ கூடினால் கார் சுமார் 14 மி.மீ. இறங்கும். ஷாக் அப்சார்பரின் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே தொங்குவதற்கும் மீதி மேலே அமுங்குவதற்கும் இருந்தால் இந்த இறக்கத்தைத் தாராளமாகத் தாங்கும்.

என் நண்பர் 230 பவுண்டு ஸ்பிரிங் போட்டிருக்கார், அருமையா ஓடுது. நீங்க 110-ங்கிறீங்க. யார் சொல்றது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். உங்கள் நண்பரின் கார் ஒவ்வொரு சக்கரமும் விஷ்போன் எனும் முக்கோணக் கைகளில் தனித்தனியாக அசையும் வகையாக இருக்கும். அதில் ஸ்பிரிங் சக்கரத்தில் உட்காராமல் விஷ்போனின் நடுவில் எங்கோ உட்கார்ந்திருக்கும். சக்கரம் 100 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 65 மி.மீ. மட்டும் அமுங்கினால் விகிதம் 0.65. சக்கரத்துக்கு வருவது அதன் வர்க்கம், 0.42 பங்கு. மேலே பார்த்த அதே 17.3 நியூட்டனைச் சக்கரத்தில் பெற அங்கே 234 பவுண்டு ஸ்பிரிங் தேவைப்படும். இருவருக்கும் சக்கரத்தில் கிடைப்பது ஒரே பலம்தான்.

முழு ஆக்சில் காரில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இரு சக்கரமும் சேர்ந்து மேட்டில் ஏறும்போது மேலே போட்ட கணக்கு சரி. வளைவில் கார் சாயும்போது ஸ்பிரிங்குகளுக்கு இடையே உள்ள தூரம் உள்ளே நுழைகிறது. சக்கரங்களுக்கு இடையே 1,300 மி.மீ., ஸ்பிரிங்குகளுக்கு இடையே 900 மி.மீ. என்றால் சாய்வை எதிர்க்கும் பலம் பாதிக்கும் சற்றுக் குறைவு. ஸ்பிரிங்குகளை எவ்வளவு வெளியே தள்ளிப் பொருத்த முடியுமோ அவ்வளவு நல்லது. சேஸிஸ் பற்றவைக்கும்போதே யோசிக்க வேண்டியது இது.

ஸ்பிரிங் உட்காரும் தட்டை மேலே திருகினால் ஸ்பிரிங் கெட்டியாகும்தானே?

ஆகாது. கார் உயரும், அவ்வளவுதான். ஒரே சீரான சுருள் உள்ள ஸ்பிரிங் எங்கே உட்கார்ந்தாலும் அதன் பலம் மாறாது. கெட்டி வேண்டுமென்றால் வேறு ஸ்பிரிங் வாங்க வேண்டும். உயர்த்துவதால் மட்டும் வரும் பிரச்சினைகளைக் கீழே, பின்பக்கம் வெளியே போவது பற்றிய பதிலில் பாருங்கள்.

பேன்ஹார்டு ராடு எந்த உயரத்தில் போடணும்? பிராக்கெட்டை இன்னும் பற்றவைக்கலை.

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். ஆக்சில் இடவலமாக நகராமல் பிடிக்கும் தண்டு இது. ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்சிலில். ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் தரைக்குக் கிடையாக இருக்க வேண்டும். இடம் உள்ளவரை நீளமாக இருக்கட்டும். 900 மி.மீ. தண்டு கிடையிலிருந்து 50 மி.மீ. ஏறினால் ஆக்சில் பக்கவாட்டில் 1.4 மி.மீ. மட்டும் நகரும். அதே தண்டை ஒரு முனை ஏற்கெனவே 50 மி.மீ. மேலே இருக்கும்படி சாய்வாகப் பொருத்தியிருந்தால், அடுத்த 50 மி.மீ. ஏற்றத்தில் 4 மி.மீ.க்கு மேல் நகரும். ஒவ்வொரு மேட்டிலும் பின்பக்கம் இடவலமாக நெளிவதை இருக்கையில் உணர்வீர்கள்.

உயரம் வேறு விஷயம். தண்டு காரின் நடுக்கோட்டைக் கடக்கும் இடம்தான் பின்பக்கத்தின் சாய்வு மையம். மேலே வைத்தால் கார் குறைவாகச் சாயும், ஆனால் வளைவில் பின் டயர்களுக்கு வேலை கூடும், பின்பக்கம் வெளியே போக விரும்பும். கீழே வைத்தால் நேர்மாறு. பிராக்கெட்டில் 20 மி.மீ. இடைவெளியில் இரண்டு மூன்று துளைகள் போட்டு வையுங்கள். பிறகு ஒரே ஒரு போல்ட்டை மாற்றிக் காரின் குணத்தைத் திருத்தலாம். ஆக்சில் காரில் இவ்வளவு மலிவாக இவ்வளவு செய்யக்கூடியது வேறில்லை.

புஷ் எல்லாம் புதுசு, ஸ்பிரிங்கும் கணக்குப்படி. ஆனாலும் பின்பக்கம் விறைப்பா துள்ளுதே?

சஸ்பென்ஷன் கைகளின் முனைகளில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை எப்போது முடுக்கினீர்கள்? காரை ஜாக்கியில் தூக்கி, ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போது முடுக்கியிருந்தால், கார் தரையில் இறங்கியதும் ஒவ்வொரு புஷ்ஷும் முறுக்கிக்கொண்டு கூடுதல் ஸ்பிரிங்காக வேலை செய்யும், சீக்கிரம் கிழியவும் கிழியும். போல்ட்டுகளைத் தளர்த்தி, காரைச் சக்கரத்தில் நிறுத்தி, ஓட்டுநர் எடையை இருக்கையில் வைத்து, முன்னும் பின்னும் உருட்டிவிட்டு முடுக்குங்கள்.

அப்புறம், ஷாக் முழுதாக அமுங்கும்போது இடி தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரைப் பாருங்கள். ஷாக் தண்டில் ஒரு கேபிள் டையை இறுகக் கட்டிவிட்டு ஓட்டி வந்தால், அது எங்கே தள்ளப்பட்டிருக்கிறது என்பது எவ்வளவு ஓட்டம் செலவானது என்று காட்டிவிடும். ரப்பரை அடிக்கடி தொட்டால் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம்.

ஷாக்கில் கிளிக் கிளிக்னு திருகி இருக்கே, எத்தனை கிளிக் வைக்கணும்?

எண்ணை யாரிடமும் கேட்காதீர்கள், ஒவ்வொரு ஷாக்குக்கும் அது வேறு. முழு மென்மையில் தொடங்கி, நன்றாகத் தெரிந்த, மேடுபள்ளமுள்ள ஒரு சாலையில் ஓட்டுங்கள். மேட்டுக்குப் பின் கார் மிதந்து இரண்டாவது முறை ஆடினால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கிளிக் கூட்டுங்கள். ஆட்டம் ஒரே முறையில் அடங்கியதும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் போனால் சக்கரம் தரையை விட்டுத் தத்தித் தத்திப் போகும். தொடர்ந்து வரும் சிறு மேடுகளில் ஷாக் விரிய நேரமில்லாமல் கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். ஸ்பிரிங் பலம் போதாததைக் கிளிக்கால் சரிக்கட்ட முடியாது.

வளைவில் பின்பக்கம் சட்டுனு வெளியே போகுது. எங்கிருந்து தேடத் தொடங்கறது?

காற்றழுத்தம், டயரின் வயது, பேன்ஹார்டு உயரம் மூன்றையும் முதலில் பாருங்கள்; மேலேயே சொல்லியிருக்கிறேன். மூன்றும் சரி என்றால் ஆக்சில் காரில், ஆக்சிலை அதற்கு முன்னால் உள்ள சேஸிஸோடு இணைக்கும் நீளவாட்டுக் கைகளின் சாய்வைப் பாருங்கள். கையின் முன் முனை ஆக்சில் முனையைவிட உயரத்தில் இருந்தால், வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் பின்னோக்கியும் உள்பக்கச் சக்கரம் முன்னோக்கியும் நகரும். ஆக்சிலே காரின் பின்பக்கத்தை வெளியே திருப்பிவிடும். கைகள் கிடையாகவோ முன் முனை சற்றே கீழாகவோ இருந்தால் இந்தத் தொல்லை வராது. உயரம் கூட்டத் தட்டைத் திருகும்போது முன் முனைகளும் சேஸிஸோடு மேலே போகின்றன. 'சும்மா 20 மி.மீ. தூக்கினேன்' என்று சொல்பவர்களின் கார் திடீரெனப் பயமுறுத்துவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தனி சஸ்பென்ஷன் காரில் டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் நோக்கும் திசையை, அளங்கள். பின் சக்கரங்கள் ரிம் விளிம்பில் மொத்தம் 1 முதல் 2 மி.மீ. உள்நோக்கிப் பார்க்க வேண்டும். வெளிநோக்கி இருந்தால், வேறு எதைத் தொட்டும் பயனில்லை. கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்வது, 1 பாகையில் தொடங்கலாம்.

ஐவிஏ சோதனையில் சக்கரத்தாலோ சஸ்பென்ஷனாலோ ஃபெயில் ஆவோமா?

ஆகலாம். தனி ஆள் கட்டும் காருக்கான பிரிட்டனின் ஒப்புதல் சோதனைதான் ஐவிஏ; 2009-ல் பழைய எஸ்விஏ சோதனைக்குப் பதிலாக வந்தது. அதில் தேறாமல் புதிதாகக் கட்டிய காரைப் பதிவு செய்ய முடியாது. மட்கார்டு டயரின் தட அகலத்தை முழுதாக மூட வேண்டும். ஆஃப்செட் தப்பினால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். வெளியே தெரியும் கூரிய விளிம்புகளுக்கு 2.5 மி.மீ. வளைவு தேவை, துருத்தும் நட்டுகளுக்கு மூடி போடுங்கள். டயரின் பாரக் குறியும் வேகக் குறியும் காருக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். ஒரே ஆக்சிலில் இரண்டு வகை டயர் வேண்டாம். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறினால் மேலே ஒரு மெல்லிய துணை ஸ்பிரிங் சேருங்கள்.

தமிழ்நாட்டில் இப்படி ஒண்ணு கட்டி ரோட்டில் ஓட்ட முடியுமா அண்ணா?

பிரிட்டனில் தனி ஆள் கட்டிய காருக்கு இருக்கும் வழி அங்கே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இந்தக் கணக்குகளை உண்மையான காரில் போட்டுப் பார்க்க ஆசைப்படும் மாணவர்களுக்கு ஃபார்முலா பாரத் போட்டி இருக்கிறது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் தாங்களே வடிவமைத்துக் கட்டிய கார்களோடு கல்லூரி அணிகள் இறங்குகின்றன. உங்கள் கல்லூரியில் அணி இருந்தால் சேர்ந்துவிடுங்கள்.

எல்லாம் அளந்து வச்சாச்சு. ஆனாலும் இடது வளைவில் ஒரு மாதிரி, வலது வளைவில் வேற மாதிரி ஓடுது. ஏன்?

முதலில் ஆக்சில் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். காரின் இருபக்கமும் இணையாக நூல் கட்டி, பின் சக்கரங்களின் முன் விளிம்பு, பின் விளிம்பு இரண்டையும் நூலிலிருந்து அளங்கள். ஒரு பக்கக் கை 2 மி.மீ. நீளமாக இருந்தாலும் ஆக்சில் கோணலாகிவிடும்.

அது சரி என்றால் நான்கு மூலை எடை. நான்கு சக்கரத்தின் கீழும் தராசு வைக்க வேண்டும், நான்கும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்குச் சமமான மூட்டைகள் வேண்டும். வலது முன் எடையையும் இடது பின் எடையையும் கூட்டினால் மொத்தத்தில் பாதிக்கு மிக அருகில் வர வேண்டும். இடது பின் தட்டை உயர்த்தினால் இடது பின்னிலும் வலது முன்னிலும் எடை கூடும், மற்ற இரண்டிலும் குறையும். பிரிட்டனில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால் ஆளில்லாமல் சரிசெய்த கார், ஆள் ஏறியதும் கோணலாகும். ஒரு மூலையில் அரைச் சுற்று திருகினால் எதிர் மூலையில் என்ன மாறியது என்று எழுதி வைத்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் காரைத் தராசிலிருந்து இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, மறுபடி ஏற்றித்தான் அடுத்த எண்ணைப் படிக்க வேண்டும். உருட்டாமல் படித்தால் டயர்கள் பக்கவாட்டில் இழுபட்ட நிலையில் நிற்கும், தராசு காட்டும் எண் பொய்யாக இருக்கும்.